நடுவில் ஏறாத சாயம்

எங்கள் லேப் அக்காவின் தங்கைக்கு வரன் கொண்டுவந்த தரகர் பாவம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து, பாலக்காட்டில் நாங்கள் வேலை பார்த்த லேப் வரைக்கும் வந்து, மாப்பிள்ளையின் படத்தை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அக்கா படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, நீங்க முடிச்சு வெச்ச கல்யாணத்துல நல்லா இருக்கற ஊடு ஒண்ணு, கெட்டுப்போன ஊடு ஒண்ணு, ரெண்டையும் காட்டுங்க. ரெண்டு பக்கமும் பேசிப்போட்டு அப்புறமா இந்தப் படத்தைப் பாக்கறனுங்க," என்றார்.

தரகர் நல்ல வீட்டின் விலாசத்தை உடனே சொன்னார். கெட்டுப்போனது ஒன்றுகூடக் கிடையாது என்று அடித்துச் சத்தியம் செய்தார். "அப்படீன்னா உங்க பேச்சை எதோட வெச்சுப் பாக்கறதுங்க?" என்று அக்கா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் வரவேற்பு மேசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தத் தரகர் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்த அக்கா எங்கள் லேபில் சாயமிடும் டெக்னீஷியன். பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். லேபில் மற்றவர்கள் சேச்சி என்பார்கள், நான் அக்கா என்பேன். என் வேலை வரவேற்பு. வருகிற சதைத் துண்டு டப்பாக்களுக்கு எண் போடுவது, மைக்ராஸ்கோப்பில் நோய் பார்க்கும் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது. நான் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கீழே பாலக்காட்டு வெயிலுக்கு வந்து மூன்று வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் செய்த வேலையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். தாலுகா ஆபீசில் ஜாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நெறிகட்டியில் வருகிற புற்றுநோயும் ரத்தப் புற்றுநோயும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சாடையில் இருக்கும். இன்ன வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு செல்லின் மேலும் அது எந்த வம்சம் என்று காட்டும் குறிகள் உண்டு. அவற்றுக்கு எண்கள்தான் பெயர். ஒவ்வொரு குறியையும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு மருந்து இருக்கிறது. அது ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகிவிடும். நாற்பத்தைந்து பிடித்தால் வெள்ளை அணுக் குடும்பம். இருபது பிடித்தால் அதில் ஒரு கிளை, மூன்று பிடித்தால் இன்னொரு கிளை. கிளை மாறினால் நோயின் பெயர் மாறும், கொடுக்கிற மருந்தும் மாறும்.

அழுகாமலிருக்க ஃபார்மலினில் ஊறப்போட்ட சதையில் இந்தக் குறிகள் மூடிக்கொண்டுவிடும். திறப்பதற்கு அவிக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்தது வீட்டு பிரஷர் குக்கர்தான். விசில் சத்தம் கேட்டு, ரிசல்ட் வாங்க வந்தவர்கள் "உள்ள இன்னைக்கு என்ன குழம்பு?" என்று என்னிடம் கேட்பார்கள்.

ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் நோயில்லாத டான்சில் துண்டு ஒன்றையும் சேர்த்து ஒட்டுவார். எந்தச் சாயம் அதில் எங்கே பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். "தெரிஞ்சது சரியா வந்திருக்குதான்னு மொதல்ல பாக்கோணுங்க. அப்புறந்தான் தெரியாததை நம்போணும்," என்பார். சுவர்க் கடிகாரத்தையும் அப்படித்தான் பார்ப்பார். ரயில் போகும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிவார். யாரையும் நம்பமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தன் கையைத்தான் அவர் எல்லோரையும்விட முதலில் சந்தேகப்படுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை ஒரு பெரியவர் மகளின் ரிசல்ட்டுக்காக வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் "ஒண்ணும் இருக்காதுங்கய்யா" என்று ஆளுக்கொரு தடவை சொன்னோம். அக்கா உள்ளேயிருந்து வந்தார். பெரியவர் அக்காவிடமும் கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க. வெள்ளிக்கெழமை தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல் மனசு என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது.

என் தம்பி அருள் சின்னக்கானலில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை காட்டுகிறவன். அவன் கழுத்தில் ஒரு நெறிகட்டி வந்து போகாமலே நின்றது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வியர்வை. மலையிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டியை முழுதாக எடுத்தார்கள். வழக்கமாக அனுப்புகிற இடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். எங்கள் லேப் இருக்கும்போது வேறு எங்கே? எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

காலையில் எடுத்த கட்டியை ஃபார்மலின் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மூணாறில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினேன். மறையூர் இறக்கத்தில் டப்பா மூடி விரிசல் விட்டிருக்கிறது. பை நனைந்து, பஸ் முழுக்க நெடி. பக்கத்து சீட்டுக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது. சின்னார் செக்போஸ்டில் வனக்காவலர் ஏறினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நேராக என் பையிடம் வந்தார்.

"எந்தா இது? மீனில் அடிக்குந்ந மருந்தல்லே?"

மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று கேரளம் முழுக்கப் பேச்சாக இருந்த பிறகு, அந்த நெடி எல்லோருக்கும் தெரிந்த நெடி. நான் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். அவர் விட்டுவிட்டார், கண்டக்டர் விடவில்லை. "இந்தாம்மா, ஒண்ணு அந்தத் தண்ணி எறங்கணும், இல்ல நீ எறங்கணும். பிள்ளைங்க இருக்குல்ல," என்றார். காட்டு நடுவில் இறங்கி எங்கே போவது? ரோட்டோரம் ஃபார்மலினைக் கொட்டினேன். கட்டி காய்ந்துவிடக் கூடாதே என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை டப்பாவில் ஊற்றி, கர்ச்சீப்பால் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

டப்பா கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "ஃபார்மலின் தவிர வேற எதுவும் ஊத்தக் கூடாது" என்று வாய் வலிக்கச் சொல்கிறவள் நான்தான். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று நாலு மணி நேரம், கீழ்நாட்டு வெயிலில் அந்தத் தண்ணீரிலேயே கட்டி கிடந்தது. சாயங்காலம் லேபுக்கு வந்ததும் புது டப்பாவில் புது ஃபார்மலின் ஊற்றி, எண் போட்டு வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் கட்டியை அறுத்து, நடுத் துண்டுகளை ஒரு மெழுகுக் கட்டியிலும், ஓரத்தில் கிடைத்த சிறு சீவலை இன்னொன்றிலும் பதித்தார். முதல் பார்வையிலேயே பெரிய பெரிய செல்கள். புற்றுநோய் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எந்த வகை என்பதுதான் கேள்வி. அக்கா நடுத் துண்டில் சாயங்களை ஏற்றினார். நாற்பத்தைந்து பிடிக்கவில்லை. இருபது பிடிக்கவில்லை. ஹோட்ஜ்கின் என்ற நெறிகட்டிப் புற்றுநோயில் பிடிக்கிற முப்பது என்ற குறி மட்டும் லேசாக, பிடித்த மாதிரியும் பிடிக்காத மாதிரியும்.

"ஹோட்ஜ்கின் தன்னே," என்றார் டாக்டர். என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். தம்பியின் பெயருக்குக் கீழே அந்த வார்த்தையை நானே அடித்தேன். லேபில் வேலை பார்த்த அறிவில், அந்த வகை நன்றாகக் குணமாகிற வகை என்று எனக்குத் தெரியும். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

அச்சு எடுக்கும் முன்னால் அக்கா வந்து என் மேசை ஓரத்தில் நின்றார். "அதை நிறுத்துங்க. இன்னும் முடியலீங்க."

டாக்டர் அறைக்கு அவர் போனபோது கதவு திறந்தே இருந்தது. "சார், பெரிய செல்லுல பிடிக்கலைங்கறது சரிங்க. அதுக்குப் பக்கத்துலயே நல்ல சின்ன செல்லும் கெடக்குது. அதுல நாப்பத்தஞ்சு பிடிச்சே ஆகோணுமில்லீங்க? அதுலயும் பிடிக்கல. அந்தத் துண்டோட ஓரத்துல இருக்கற சின்ன செல்லுல நல்லாப் பிடிச்சிருக்குது. டான்சில்லயும் பிடிச்சிருக்குது. நடுவுல மட்டும் ஏனுங்க பிடிக்கல?" டாக்டர் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "ஒந்நுகூடி செய்து நோக்கு," என்று இன்னொரு தடவை செய்து பார்க்கச் சொன்னார் கடைசியில்.

அவர் திரும்பி நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இது மலையிலிருந்து நீங்களே கொண்டாந்ததுதானுங்களே? வழியில எல்லாம் ஃபார்மலின்லயேதான் இருந்துச்சுங்களா?"

"ஆமாக்கா. ஃபார்மலின்லதான் இருந்துச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தரகரைத் துருவிய மாதிரி என்னையும் துருவுவார் என்று பயந்தேன். அவர் துருவவில்லை. "செரிங்க. அப்படீன்னா எங்கையிலதான் தப்பு இருக்கோணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் முழுவதும் அவர் தன் தப்பைத் தேடினார். மருந்து நடுவில் சரியாகப் பரவவில்லையோ என்று நடுத் துண்டைப் புதிதாகச் சீவி ஊற்றிப் பார்த்தார். பழையபடியே வந்தது. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார். குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றினார். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. தட்டச்சுக் கீபோர்டில் கை வைத்தபடி நான் அத்தனையும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை எழுந்து பத்துத் தடவை உட்கார்ந்தேன். சொன்னால் வேலை போகும் என்று தெரியும். அதைவிட, அருளுக்குத் தெரிந்துபோகும். தன் அக்கா லேபில் இருக்கிறாள் என்று நம்பித்தானே கழுத்தைக் காட்டினான்.

அதற்கடுத்த நாள் காலையில், அவிப்பது போதவில்லையோ என்று நேரத்தைக் கூட்டினார். இந்தத் தடவை நடுத் துண்டோடு, பத்திரமாக வைத்திருந்த ஓரச் சீவலிலிருந்தும் சில ஏடுகள் சீவி வைத்தார். குக்கரைத் திறந்தபோது அந்த ஓர ஏடுகள் கண்ணாடியை விட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்தன. அதிகமாக அவித்தால் அப்படி ஆகும். அவர் இடுக்கியால் அவற்றை எடுக்கப் பார்த்தார். நூல் நூலாகப் பிரிந்து போயிற்று. ஓரச் சீவல் மிச்சம் இருக்கும் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதில் சதை கோதுமை மணியளவுதான் இருந்தது. டாக்டர் அறைக்குப் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. உள்ளே போனேன்.

"யக்கா, நான் பொய் சொல்லிட்டேன். சின்னார்ல வச்சு மருந்த கொட்டிட்டு தண்ணி ஊத்திட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார்.

"ஒரு மணி இருக்கும்."

"கட்டி எடுத்தது?"

"ஒம்பது மணிக்கு."

விரல்விட்டு எண்ணினார். "நாலு மணி நேரம். ஃபார்மலின் ஓரத்துல மட்டும் ஏறியிருக்கும். நடுவுக்குப் போயிச் சேர்றதுக்கு முன்னால தண்ணி. நடுவு வெயில்ல அழுகிப்போச்சு." எழுந்தார். மூச்சை இழுத்துவிட்டார். "அப்ப என்ற குக்கர் நல்லாத்தான் இருக்குதுங்க. நடுவை விட்டுருவோம். ஓரத்துலதான் உங்க தம்பி இருக்கறாரு."

"என் தம்பி பிழைச்சுக்குவானாக்கா?"

"தெரியாதுங்க."

அவர் மெழுகுக் கட்டியை வெட்டும் கருவியில் பொருத்தினார். ஐந்து ஏடுதான் வரும் என்றார். எந்த ஐந்து சாயம் என்று டாக்டரும் அவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒவ்வொரு ஏடும் பிளேடிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு வந்தது. அவர் அதைத் தூரிகையால் தூக்கி, சுடுதண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தினார். நாலாவது ஏடு கிழிந்தது. கிழிந்ததையும் ஏந்தினார். அவிக்கும் நேரத்தைப் பழையபடி குறைத்தார். சாயம் ஏறுகிற வரைக்கும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஜெபம் பண்ணக்கூட எனக்கு வாய் வரவில்லை. எதைக் கேட்பது? எந்த நோயைக் கொடு என்று கேட்பது?

டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தார். முதலில் டான்சில் பக்கம், பிறகு சின்ன செல்கள், அப்புறம்தான் பெரியவை. பிறகு நகர்ந்துகொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். பெரிய செல்கள் ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வளையம். "நாப்பத்தஞ்சும் பிடிச்சிருக்குது. இருபதும் பிடிச்சிருக்குதுங்க."

ஹோட்ஜ்கின் இல்லை. வேறு வகை, இன்னும் வேகமாக வளர்கிற வகை. ஆனால் அந்த இருபது என்ற குறியையே குறிவைத்துப் போய்த் தாக்குகிற மருந்து ஒன்று அதற்கு உண்டு. நான் அடித்து வைத்திருந்த ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால் அந்த மருந்தை யாரும் அருளுக்குக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

புது ரிப்போர்ட்டை அடித்தேன். முடிந்தது என்று நினைத்தபோது அவர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். கட்டி கொண்டுவரப்பட்ட வழியில் ஃபார்மலின் கொட்டப்பட்டு நாலு மணி நேரம் தண்ணீரில் இருந்தது, நடுத் துண்டின் சாயங்களை நம்ப வேண்டாம், கொண்டுவந்தவரே சொன்ன தகவல் இது என்று.

"யக்கா, முதலாளி பாத்தா என் வேலை போயிரும். அதான் ஓரத்துல சரியா வந்துருச்சில்ல? பெறகு எதுக்கு அது?"

"நாளைக்கு வேற ஊருல மறுபடி பாப்பாங்க. அவிங்களுக்குத் தெரியோணுமில்லீங்க."

"நீங்க நினைச்சா அந்த வரிய விட்டுரலாம்."

"விட்டுரலாமுங்க," என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை. நான் அடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். முதலாளி அந்த மாசத்தோடு என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது நான் அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவ்வளவு கோபம்.

அருளைப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே எங்கள் மெழுகுக் கட்டிகளை வாங்கி, தங்கள் லேபில் மறுபடி சாயம் போட்டார்கள். ஓரச் சீவல்தான் தீர்ந்துவிட்டதே. இருந்தது நடுத் துண்டு மட்டும். அதன் பெரிய செல்களில் எதுவுமே பிடிக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். எங்கள் ரிப்போர்ட்டின் கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது யார் எழுதியது?"

"நான்தான்."

"கொட்டியது?"

"அதுவும் நான்தான்."

அவர் ஓரச் சீவலின் பழைய கண்ணாடிகளை வரவழைத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் அருளுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. இருபதைத் தேடிப் போகிற அந்த மருந்தும் அதில் இருந்தது. டாக்டரிடம் நான் ஒத்துக்கொண்டதை அருள் படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "யக்கா, பஸ்ஸ விட்டு எறங்கியிருந்தா நீ இன்னும் சின்னார்லதான் நின்னுருப்ப," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறு சுற்று மருந்து முடிந்து ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்ற பிறகு, நான் பாலக்காட்டுக்குப் போனேன். அதற்குள் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலை கிடைத்திருந்தது. அக்கா மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் டிபன் மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி வைத்தார். தம்பி நன்றாக இருக்கிறான் என்றேன். "ஸ்கேனு ஆருங்க பாத்தாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யக்கா, அன்னைக்கு எங்கிட்ட ஒரே ஒரு தடவதான் கேட்டீங்க. ஏன் மறுபடி கேக்கல?"

"உங்களை மூணு வருசமாப் பாக்கறனுங்களே. ஒரு டப்பா எண்ணுகூட மாத்திப் போட்டதில்ல நீங்க. கூடப் பொறந்தவரு வேற. அதுல போயி சந்தேகப்படுவாங்களா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நீங்க வந்து சொல்றதுக்குச் செத்த நேரம் முந்தி டாக்டர்கிட்டப் போயிருந்தனுங்க. இனிமேல்ட்டு என்ற கையை நம்ப வேண்டாம், சாயத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் வந்து உக்காந்தனுங்க."

"எங்கிட்ட ஏன் அத சொல்லல?"

"எதுக்குங்க? உங்களுக்கு அன்னைக்கு இருந்த கவலை பத்தாதுங்களா?"

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் ஊறுகாயை நகர்த்தினார். வேலை போன அன்று நான் அழவில்லை. அருளுக்கு முடி கொட்டியபோதும் அழவில்லை. அன்று அவர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, லேப் ஆட்கள் எல்லோரும் பார்க்க, விக்கி விக்கி அழுதேன்.